மருந்துச் சீட்டில் எழுதிய மீன் விளையாட்டு

வடமதுரை மெயின் ரோட்டில் இருக்கிற என் தையல் கடைக்கு ரவிக்கை தைக்க வருகிறவர்கள், இப்போதெல்லாம் அளவு கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஏங்க்கா, உங்க புள்ளைக்கு ஆஸ்பத்திரியிலயே கேம் விளையாடச் சொல்லி எழுதிக் குடுத்தாகளாமே, நெசமா?" நெசம்தான். ஆனால் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு எத்தனை பேருக்கு முழுக் கதையையும் சொல்வது? போன வாரம் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே துணி வெட்டியதில் இரண்டு கையும் இடது கையாகப் போய்விட்டது. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் பிள்ளையைப் போல ஒரு பிள்ளை வைத்திருக்கிறவர்கள் பயப்படாமல் படிக்கட்டும். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு படித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

மித்ரா என் ஒரே மகள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். சாப்பாட்டில் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் வீட்டை ஒரு சுற்று வந்துவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சாக்ஸோடு போய் ஒரு சாக்ஸோடு வருவாள். கேள்வியை நாம் முடிப்பதற்குள் பதில் வந்துவிடும், அதுவும் வேறு ஏதோ கேள்விக்கான பதில். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவள் அப்பா செல்வம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சுற்றுப்பட்டு ஊர்களில் பூவும் காய்கறியும் ஏற்றிப்போய் திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்குவார். "என் மக சுறுசுறுப்புடி, உனக்குப் பொறாமை" என்பார். அக்கம்பக்கத்தில்தான், "பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டு ஆட்டம் ஆகாது சுகந்தி" என்று அவ்வப்போது குத்துவார்கள். நான் தையல்காரி, ஊசி குத்துவது எனக்குப் புதிதில்லை.

தீபாவளி கழிந்து ஒரு சாயங்காலம் அந்தச் சிரிப்பு நின்றது. எங்கள் கடை ரோட்டுக்கு இந்தப் பக்கம், வீடு எதிர்ச் சந்துக்குள். பள்ளி வேன் அவளைச் சந்து முனையில் இறக்கிவிடும். நான் போய்க் கையைப் பிடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அன்று என் கடை வாசலில் பஞ்சுமிட்டாய்க்காரர் மணியை ஆட்டிவிட்டார். நான் நிமிர்ந்து பார்க்கிறேன், பிள்ளை நடு ரோட்டில் ஓடி வருகிறது. சிமெண்டு லாரி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

டிரைவர் இறங்கி வந்து என்னைத் திட்ட வாயைத் திறந்தார். திட்டாமலே என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "தண்ணி இருந்தா குடும்மா" என்றார். குடித்ததில் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. மித்ரா அவர் பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, அந்த ஹாரனை நான் ஒருதடவ அடிக்கவா?" என்று கேட்டாள். நடந்தது எதுவும் அவளுக்கு ஏறவே இல்லை. லாரியைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நாளைக்கும் மணி அடிக்கும், நாளைக்கும் லாரி வரும்.

செய்தி அகரத்துக்குப் போனது. அகரத்தில் என் மதினி ராசாத்தி இருக்கிறார், செல்வத்தின் அக்கா. மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு: காய்ச்சல் யாருக்கு வந்தாலும் விரதம் மதினிக்கு. செல்வத்துக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அக்கினிச் சட்டி எடுத்தது மதினி. என் பிரசவம் சிக்கலானபோது மண்சோறு சாப்பிட்டது மதினி. போன வருஷம் மித்ரா லோடு ஆட்டோ மேலிருந்து குதித்துக் கையை ஒடித்துக்கொண்டபோது, மாவுக்கட்டு அவளுக்கு, பழனிக்கு நடை மதினிக்கு. முடியாதவர் படுத்திருப்பார், அவருக்குப் பதிலாக மதினி போய்ச் சாமியோடு பேசி முடித்துவிட்டு வருவார். இந்த முறையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எந்தச் சாமிக்கு நேரலாம்?" என்றுதான் கேட்டார்.

"அக்கா, இந்தத் தடவ மொதல்ல டாக்டர்ட்ட போவோம். சாமி எங்கயும் போயிறாது" என்றார் செல்வம்.

திண்டுக்கல்லில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. மாடிப்படி ஓரத்தில் 'குழந்தைகள் மனநலம்' என்று பலகை. அதைப் பார்த்ததும் செல்வம் இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டார். "பைத்தியம்னு எழுதிருவாகளோ?"

"எழுதினா உங்களுக்கும் சேத்து எழுதச் சொல்றேன், ஏறுங்க" என்று தள்ளிக்கொண்டு போனேன்.

மேலே போனால் திருவிழாக் கூட்டம். ஒரு பையன் மின்விசிறி சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தான். ஒரு பையன் தண்ணீர் கேனைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருந்தான். "ஏலே, எறங்கு", "அப்பு, அதத் தொடாத" என்று நாலா பக்கமும் குரல். கோயில், கல்யாண வீடு, பஸ் என்று எங்கே போனாலும் மித்ராவுக்காக நான் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாணார்பட்டிக்காரப் பெண் முறுக்கை ஒடித்து எனக்குப் பாதி கொடுத்தார்.

"உங்களுது எது?" என்றார்.

"சன்னல்ல தொங்குதே, அது."

"என்னுது பெஞ்சுக்கு அடியில. இருக்கானான்னு அப்பப்ப குனிஞ்சு பாத்துக்கிருவேன்."

லாரி நின்ற நாளுக்குப் பிறகு நான் மனசு விட்டுச் சிரித்தது அன்றுதான். டோக்கன் எப்போது வரும் என்ற எரிச்சல்கூட மறந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்கப் போவதும் வருவதுமாக இருந்தோம். முதலில் காதுச் சோதனை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இவளுக்குக் காதில் என்ன குறை, பஞ்சுமிட்டாய் மணி மூன்று தெரு தள்ளிக் கேட்கும். பிறகு கண். பிறகு ரத்தம்: ரத்தசோகையோ தைராய்டோ இருந்தாலும் பிள்ளைகள் இப்படி இருப்பார்களாம், அது இல்லை என்று தெரிய வேண்டும். ஊசி போட்ட நர்ஸிடம், "என் ரத்தம் எத்தன ஸ்பூன் இருக்கும்?" என்று விசாரித்தாள். வகுப்பு டீச்சருக்கு ஒரு தாள், எங்களுக்கு ஒரு தாள், இரண்டிலும் நிறையக் கேள்விகள். 'பிறர் பேசி முடிக்கும் முன் குறுக்கிடுகிறாரா' என்று ஒன்று. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே செல்வம் குறுக்கிட்டு, "ஆமான்னு போடு" என்றார்.

சனிக்கிழமை டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். அவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், 'ங்க' போடாமல் கைக்குழந்தையிடம்கூடப் பேச மாட்டார்.

"ஏ.டி.ஹெச்.டி.ன்னு சொல்வாங்க. தமிழ்ல கவனக் குறைபாடுன்னு வச்சுக்கலாமுங்க. பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நீங்க வண்டி ஓட்டுறவரு, உங்களுக்குப் புரியும். பாப்பாவுக்கு எஞ்சின் ரொம்ப நல்லா இருக்குதுங்க. பிரேக்கு மிதிச்சாப் புடிக்கிறதுக்குத்தான் செத்த நேரமாகுது. மூளையில அந்த இடம் மெதுவா வளருது. இது புள்ளையோட சேட்டையும் இல்லீங்க, உங்க வளப்புத் தப்பும் இல்லீங்க."

"கடைசியா சொன்னத இன்னொருதடவ சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

"உங்க வளப்புத் தப்பு இல்லீங்க."

எட்டு வருஷமாக இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கியிருக்கிறேன் என்பது அந்த நாற்காலியில்தான் எனக்கே தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மித்ரா டாக்டரின் மேஜை மணியை அடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வைத்தியத்துல உங்களுக்கு என்ன வேணுமுங்க? படிப்பா, கையெழுத்தா, சொன்ன பேச்சுக் கேக்கணுமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மார்க்கெல்லாம் வேணாம் டாக்டர். ரோட்டோரத்துல அவளா நின்னாப் போதும்" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு என்னென்ன வழி இருக்கிறது என்று சொன்னார். பெற்றோர் பழக வேண்டிய சில முறைகள், வகுப்பில் முன் வரிசை, மாத்திரை, இன்னொன்று, விளையாட்டு. மாத்திரை என்றதும் எனக்குப் பயம். மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பொம்மை மாதிரி ஆகிவிடும் என்று யார் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். "மாத்திரையைப் பத்தி அடுத்த தடவ நிதானமாப் பேசலாமுங்க. மொதல்ல விளையாட்ட ஆரம்பிப்போம். ஆனா இது ஒண்ணே எல்லாத்தையும் சரி பண்ணிரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்று சீட்டில் எழுதினார்.

செல்வத்துக்குச் சீட்டு என்றால் மருந்துக்கடை. விறுவிறுவென்று கீழே இறங்கிக் கடையில் நீட்டினார். கடைக்காரர் சீட்டை நிமிர்த்திப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அண்ணே, இதுல வாரத்துல அஞ்சு நாள் மீன் விளையாட்டுன்னு போட்டிருக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு போடலையே" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். விளையாட்டு ஆஸ்பத்திரி டேப்பில் இருந்தது; என் அளவு டேப் இல்லை, போனையே பெரிதாக்கியது போல ஒன்று. முன்பணம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். லோடு ஆட்டோவுக்கு டயர் மாற்ற வைத்திருந்ததை செல்வம் எடுத்துக் கட்டினார். "டயர் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். இவ ஓட்டத்ததான் நிறுத்தணும்" என்றார்.

விளையாட்டு இதுதான். ஆற்றில் ஒரு படகு. டேப்பைச் சாய்த்துச் சாய்த்துப் பாறையில் முட்டாமல் ஓட்ட வேண்டும். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் மீன்கள் துள்ளும். சிவப்பு மீனைத் தொட வேண்டும், நீல மீனைத் தொடக் கூடாது. நன்றாக ஆடினால் ஆறு வேகமாகும், தோற்றால் மெல்ல மெல்ல நிதானமாகும். ஆடுகிறவரின் பலத்துக்குத் தகுந்தபடி அதுவே மாறிக்கொள்ளும். அன்றைய அளவு முடிந்ததும் தானே பூட்டிக்கொள்ளும், அதற்கு மேல் அழுதாலும் திறக்காது. "தொடுறது பெரிய விசயமில்லீங்க. தொடாம இருக்கறதுதான் பயிற்சி. நீல மீன் வரும்போது கை கெளம்பும், அதை நிறுத்தணும். அந்த நிறுத்தற வேலைதான் பாப்பாவுக்கு வேணும்" என்று டாக்டரம்மா விளக்கினார்.

தெருவில் பேச்சுக் கிளம்பியது. "ஊரே புள்ளைககிட்ட இருந்து போனைப் புடுங்குது, இவ காசு கட்டி வாங்கிக் குடுக்குறா." நானும் போன மாதம்வரை மித்ராவிடமிருந்து போனை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தவள்தான், என்ன பதில் சொல்வது? மித்ராவுக்கோ தலைகால் புரியவில்லை. "அம்மா, மருந்து சாப்பிடவா?" என்று காலையிலேயே வந்து நிற்பாள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நீல மீனையும் தொடுவாள், சிவப்பு மீனையும் தொடுவாள், பாறையையும் தொடுவாள். படகு முட்டியதும் டேப்பைப் போட்டுவிட்டு எழுந்து ஓடுவாள். மருந்து என்றால் விளையாட்டாக இருந்தாலும் கசக்கத்தான் செய்யும் போலிருக்கிறது. நாங்கள் இருவரும் மாறி மாறிக் கெஞ்சி உட்காரவைத்தோம்.

பொங்கல் லீவுக்கு டேப்பும் கையுமாக அகரத்துக்கு அத்தை வீட்டுக்குப் போனாள். போன இரண்டாம் நாள் அம்மை போட்டுவிட்டது. எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை. மதினி போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நீ இந்தப் பக்கம் வரக் கூடாது. வந்தா உனக்கும் போட்டுரும், அப்புறம் உனக்கும் சேத்து நான்தான் நேரணும். வேப்பிலை கட்டியாச்சு, ஊர் நர்ஸம்மா வந்து பாத்துட்டுப் போயிட்டாக. பயப்படாத." தினமும் போனில் முகம் பார்ப்பேன். முகமெல்லாம் கொப்புளமாகப் படுத்திருப்பாள். ஒரு இடத்தில் இரு என்று நான் கத்தாத நாளில்லை, இருந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மாலை போட்டவனைப் போலத் தாளிதம் இல்லாத சாப்பாடு சாப்பிட்டார் செல்வம். விளையாட்டை நான் மறந்தே போனேன். அம்மை வீட்டில் என்ன விளையாட்டு?

பிள்ளை தேறி வந்து மறுபடி டேப்பை எடுத்தபோதுதான் எனக்குக் குழப்பம். ஆறு வெள்ளமாக ஓடியது. மீன்கள் மின்னல் மாதிரி துள்ளின. படகு போன வேகத்துக்குப் பாறையில் முட்டியது. மறுநாளும் முட்டியது, அதற்கு மறுநாளும். அம்மையில் பிள்ளைக்குத் தெம்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். மித்ரா பல்லைக் கடித்தாள், ஆவென்று கத்தினாள், டேப்பைத் திட்டினாள். ஆனால் எழுந்து ஓடவில்லை. "விடுடி, நாளைக்கு ஆடிக்கலாம்" என்று நானே சொன்னேன்.

"மாட்டேன். அத்தையத் தோக்கடிக்கணும்" என்றாள்.

மதினியும் ஒரு கை ஆடிப் பார்த்திருப்பார் போல என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு மதினியும் வந்தார், டாக்டருக்கு ஒரு பந்து மல்லிகையோடு. அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மூவரும் உள்ளே போனோம். டேப்பில் ஆடுவதெல்லாம் டாக்டரம்மாவின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"இப்படி ஒரு ஏத்தத்த நான் பாத்ததே இல்லீங்க. இங்க பாருங்க, பொங்கல்லேர்ந்து. கடைசியில செத்தச் சரிஞ்சிருக்குது, அத அப்புறம் பாக்கலாமுங்க. எழுதுன நாள் ஒண்ணு விடாம ஆடிருக்குறா. கோடு எங்க போகுதுன்னு பாருங்க. இந்த ஏத்தம் பூராவும் நீல மீன் ஒண்ணக்கூடத் தொடல."

கோடு மலையேறுகிற மாதிரி ஏறியிருந்தது. என் பிள்ளைக்குச் சரியாகிவிட்டது. இனி அந்தச் சந்து முனையில் நிற்பாள். ரோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் கிடந்து அடித்துக்கொள்கிற அந்தப் பயம் போய்விடும். "அப்ப மாத்திரை வேணாம்தான டாக்டர்?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. டாக்டரிடமிருந்து இல்லை.

"அது நான் இல்ல, அத்தை" என்றாள் மித்ரா, நாற்காலியில் முழங்கால் போட்டுச் சுழன்றுகொண்டே.

செல்வம் என்னைப் பார்த்தார், நான் கதவைப் பார்த்தேன். டாக்டரம்மா மெதுவாக, "அத்தையக் கூப்பிடுங்க" என்றார்.

மதினி மல்லிகைப் பந்தோடு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. பெருமையாகத்தான் நிமிர்ந்து நின்றார்.

"ஆமா டாக்டரம்மா. புள்ள அம்மை போட்டுப் படுத்திருக்கு. நீங்க எழுதுன நாள்ல ஒண்ணக்கூட விடக் கூடாதுன்னு சொன்னீகளாம். விட்டா என்னத்துக்கு ஆகும்? அதான் அவளுக்காக நான் ஆடுனேன். சும்மா ஆடல. காலையில தலைக்குக் குளிச்சு, மஞ்சச் சேல கட்டி, விளக்க ஏத்தி வச்சுட்டுத்தான் உக்காந்தேன். அம்புட்டு நாளும் வெஞ்சனம்கூடத் தொடல, வெறும் கஞ்சிதான்."

டாக்டரம்மா குனிந்து மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர், ஆனால் சிரித்த தண்ணீர்.

"நீல மீன ஒண்ணக்கூடத் தொடலையேம்மா, அது எப்படிங்க?"

"நாளைக்குப் பூக்குற மொட்டைத் தொட்டா மார்க்கெட்டுல யாரு வாங்குவா? முப்பது வருசமாப் பறிக்குறேன், கை தானா நிக்கும்" என்றார் மதினி. "ஆடுனது சேருமா சேராதா, அதச் சொல்லுங்க. போன வருசம் இவ கைய ஒடிச்சப்ப இவளுக்காகப் பழனிக்கு நான்தான நடந்தேன்? கை கூடலையா?"

"கூடுச்சுங்க. மாவுக்கட்டு யாருக்குப் போட்டாங்க?"

"அவளுக்குத்தான்."

"இது மாவுக்கட்டுங்க அம்மா" என்றார் டாக்டரம்மா.

மதினி கையில் இருந்த பூப்பந்தைப் பார்த்தார். பிறகு மெல்ல ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "அடியாத்தீ, மாவுக்கட்ட என் கையில போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். அதற்கு மேல் செல்வத்தால் தாங்க முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மலை மாதிரி ஏறிய கோடு என் பிள்ளையுடையது இல்லை என்றால் என் பிள்ளை எங்கே நிற்கிறாள்? பழைய இடத்திலேயா? அந்த லாரி மறுபடி கண்முன் வந்து நின்றது.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். திரையில் மலை முடிந்து கோடு தடதடவென்று சரிகிற இடத்தில் விரலை வைத்தார். நான் பார்க்கவே விரும்பாத இடம் அது.

"நீங்க இதப் பாருங்க. அத்தை போயாச்சு, விளையாட்டு அத்தை உயரத்துலயே நிக்குது. தோத்தாத்தான் எறங்கும், அதுவும் மெதுவாத்தான். பாப்பா தோக்குறா, மறுநாளும் தோக்குறா. ஆனா ஒருநாள்கூடப் பாதியில எந்திரிச்சுப் போகல. மார்கழியில இதே புள்ள எத்தன தடவ எந்திரிச்சுப் போனான்னும் இதுல இருக்குதுங்க. நீல மீனைத் தொடுறதும் கொஞ்சங் கொஞ்சமாக் கொறையுது. அந்த மலை அத்தையோடதுங்க. இந்தப் பள்ளம்தான் உங்க மக. எனக்கு இதுதான் சந்தோசம்."

வீட்டில் தினம் தினம் அவள் தோற்றதை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. "அத்தைய ஜெயிக்கணும்ல" என்றாள் மித்ரா, யாரும் கேட்காமலே.

அன்றைக்கே மாத்திரை பற்றியும் பேசினோம். விளையாட்டும் பழக்கமும் உதவுகின்றன, ஆனால் இவளுக்கு இன்னும் கொஞ்சம் துணை தேவை என்றார் டாக்டரம்மா. கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி, போட்டுக்கொண்டால் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்; பொம்மையாக ஆனால் அன்றே போன் பண்ணுங்கள் என்றார். சின்ன அளவில் ஆரம்பித்தோம். பொம்மையாக ஆகவில்லை. மத்தியானம் பசி மந்தமானது, அதனால் காலையில் நன்றாகச் சாப்பிடவைத்து அனுப்புகிறேன். டீச்சர் முன் பெஞ்சில் உட்காரவைத்தார். இரண்டு சாக்ஸோடும் வீடு திரும்பிய நாட்கள்கூட உண்டு. அம்மை போட்டால் அதையும் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு டாக்டரம்மாவிடம் தனியாகத் திட்டு விழுந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

மாசி கடைசியில் மதினி வடமதுரைக்கு வந்திருந்தார். அன்று சாயங்காலம் கல்யாண ரவிக்கை ஒன்றுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சந்தில் தடதடவென்று ஓடி வரும் சத்தம். தலையை நிமிர்த்தாமலே தெரியும், மித்ராதான். நிமிர்ந்தேன். டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக, ரோட்டை நோக்கி ஓடி வருகிறாள். என்னைப் பார்த்துவிட்டாள். இடது பக்கம் திருச்சி பஸ் வருகிறது. ரவிக்கையும் கையுமாக எழுந்துவிட்டேன்.

சந்து முனையில் நின்றாள். உடம்பு முன்னால் ஆடியது, கால் நின்றுவிட்டது. பஸ் போனது. பின்னாலேயே ஒரு மினி வேன், அதுவும் போனது. அப்போதும் நின்றாள். பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்த மதினி, என்னைப் பார்த்த சந்தோஷத்தில் விறுவிறுவென்று ரோட்டில் காலை வைத்தார். மித்ரா அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, நில்லு. பைக்கு வருதுல்ல" என்றாள்.

பைக் போயிற்று. இரண்டு பக்கமும் பார்த்தாள். அத்தையின் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குடி இப்படி ஓடியாந்த?" என்றேன்.

யோசித்தாள். "மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு, துண்டுத் துணி மூட்டையைக் கிளற உள்ளே போய்விட்டாள்.

மதினி ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "இன்னைக்கு என் லெவலத் தாண்டிட்டாளாம் சுகந்தி. அதச் சொல்லத்தான் இம்புட்டு ஓட்டம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் அந்தக் கல்யாண ரவிக்கையை முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, தோத்தவ நானு" என்றார் மதினி. "எனக்குப் பதிலா நீ எதுக்கு அழுகுற?"